பாய் கட்டிய விரல்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் வீரத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் ஊரான காஜா பேராங்கில் பந்தாட்டம் நின்றுபோயிற்று. எங்கள் குழுவின் இடது ஓர ஆட்டக்காரர் எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் நாங்கள் நாலைந்து பேர் மசாலாக் கடை பாயிடம் கூடி, மாலைதோறும் அந்த ஆட்டக்காரரைப் பலகைமேல் ஆடவைத்துக்கொண்டிருந்தோம். கடையில் விற்கச் சரக்கு கிடையாது. பலகைமேல் இரண்டு காலி டப்பாக்கள் கோல் கம்பங்கள், ஒரு ஜாதிக்காய் பந்து. கூட்டம் போட்டால் பிடித்துப் போவார்கள் என்பதால், கோல் விழுந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்போம்.

எங்களில் பெரிய பைத்தியம் பாய்தான். ஆட்டக்காரர் வெறுங்காலில் ஆடுபவர். பக்கத்து ஊர்த் தெங்கேராக்காரர்களோடு ஆட்டத்தில் மோதியபோது அவருடைய இடதுகாலின் இரண்டாம் விரல் ஒடிந்தது. எண்ணெய் போட்டுக் கட்டியவர் பாய். விரல் கோணலாகக் கூடிவிட்டது.

"நான் கட்டுன கட்டு, கோணாம என்ன செய்யும்? ஆனா தம்பி, அந்தக் கோண விரலாலதான் பந்து அப்படி வளையுது" என்பார்.

ஒரு காலையில் லாரிகள் வந்தன. ஆண்பிள்ளைகள் எல்லாரையும் திடலுக்கு விரட்டி வரிசையில் நிறுத்தினார்கள். கோணிப்பையால் தலையை மூடிய ஒருவன், இரண்டு ஓட்டைகள் வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் தலையாட்டினால் லாரியில் ஏற்றுவார்கள். லாரியில் ஏறியவர்கள் திரும்பியதாக எந்த ஊரிலும் கேள்விப்படவில்லை.

அந்த ஓட்டைகளைப் பார்க்கத் தைரியமில்லாமல் கீழே பார்த்தேன். அவன் செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அந்தக் கோணல் விரல்.

வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நம்ம ஆளு, பிழைத்தோம் என்று நினைத்தேன். எனக்கு மூன்று ஆள் தள்ளி நின்ற சீனத் தச்சருக்கு முன்னால் அவன் தலையாட்டினான். அவன் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது அவனுக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது. சட்டென்று தென்னை மரத்தின் உச்சிக்குக் கண்ணைத் தூக்கிக்கொண்டேன்.

பக்கத்தில் பாய். அவர் காலை மிதித்து எச்சரித்திருக்கலாம். எதிரே சிப்பாய் நின்றான் என்று இத்தனை வருடங்களாக எனக்கு நானே சமாதானம் சொல்லி வருகிறேன். உண்மை என்னவென்றால், நான் அசையவில்லை.

கடைக்கண்ணால் பார்த்தேன். பாயும் கீழே பார்த்திருந்தார். ஆட்டத்தன்று திடல் வாசலில் மலரும் அதே முகம்.

"தம்பி, நீயா?" என்றார், மெதுவாக.

கோணிப்பை பாயின் பக்கம் திரும்பியது. பிறகு ஒரு தடவை தலையாட்டியது.

பாயை இழுத்துப் போனார்கள். அவன் என் முன்னால் வந்து நின்றான். பைக்குள்ளே மூச்சு வாங்குவது கேட்டது. நான் தேங்காய்க் குலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் நகர்ந்துபோனான்.

மற்ற ரசிகர்கள் வரிசையின் மறுகோடியில் நின்றதால் அவர்களுக்கு எதுவும் தெரியாது. "அவரு மட்டும் ஊருல இருந்திருந்தா பாயை விட்டிருப்பாரா?" என்று மறுநாளும் ஆட்டக்காரரைப் பற்றித்தான் பேசினார்கள். நானும் ஆமாம் போட்டேன். உண்மையைச் சொல்லி, அவர்களில் ஒருவர் வாய் தவறினாலும் அடுத்த லாரி எனக்குத்தான்.

நாலாம் நாள் பாயின் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்கதானே அவரு பக்கத்துல நின்னீங்க. தலையாட்டுனது யாரு?"

"மூஞ்சி மூடியிருந்துச்சுக்கா. தெரியல."

"சரி, போவட்டும். அந்த ஆட்டக்காரப் பையனோட அக்கா செங்குங்கற ஊருல இருக்காளாம். நாளைக்கிப் போயி அவன் எங்கேன்னு கேக்கப் போறேன். எங்க கையால சாப்புட்ட பிள்ள. நீங்க பக்கத்துல நின்னதயும் சொல்றேன். அவனத் தெரியாதவங்க யாரு? அவன் வந்து ஒரு வார்த்த சொன்னா இவர விட்டுருவாங்க."

பாயின் மனைவி போனால் அவரும் திரும்ப மாட்டார், நானும் மிஞ்ச மாட்டேன்.

"போவாதீங்கக்கா. அந்த ஆட்டக்காரரு சயாமுக்கு ரயில் பாதை போடப் போயி, அங்கேயே செத்துட்டாராம்."

அவர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு, "பாவி மவனே, நீயும் போயிட்டியா" என்று அவனுக்காக அழுதார்.