தலை வேண்டாம் என்று கேட்டவள்

சண்டைக் காலத்தில் நான் திருகோணமலைச் சந்தையில் மீன் விற்றேன். காலையில் அக்கரைக்கு, மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகில் ஐஸ் நிரப்பிய பெட்டி அனுப்புவேன். பின்னேரம் அதில் மீன் வரும்.

ஐசுக்குள் மருந்தும் போனது. சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, போடும் ஊசி மருந்து. மூதூருக்கு அப்பால், இயக்கத்தின் கையில் இருந்த சம்பூர்ப் பக்கம் அதைக் கொண்டுபோக ஆமிக்காரர் விடமாட்டார்கள். சூட்டில் கெட்டும் போகும்.

எனக்கு லாஞ்சிக்காரரை மட்டும் தெரியும். அக்கரையில் பெட்டியை வாங்குபவர் யார் என்று நான் கேட்டதில்லை. இங்கே மருந்து கொண்டுவந்து தரும் நோயாளிகளின் சொந்தக்காரரிடம் பெயரும் கேட்பதில்லை. அடி விழுந்தால் தெரிந்ததெல்லாம் வாயில் வந்துவிடும்.

புதிதாக வருகிறவர் பாரை மீன் கேட்டு, தலை வேண்டாம் என்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் பாரைத் தலையை யாரும் விடமாட்டார்கள். சொன்னால் பொட்டலத்தை வாங்கிவிடுவேன்.

மூன்று கடை தள்ளி ஒருவரும் இதே வேலை செய்திருக்கிறார். அதுவரை எனக்குத் தெரியாது. யாரோ அந்தச் சொல்லைச் சொல்லி அவரிடம் மருந்து கொடுத்தான். மறுநாள் ஆமிக்காரர் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை.

நானும் லாஞ்சிக்காரரும் ஆள் சேர்க்கும் ஒழுங்கை மாற்றினோம். இனி ஏற்கெனவே மருந்து தருகிற ஒருவர் கூட்டிவந்தால்தான் புது ஆள். பழைய சொல் தெரிந்த அக்கரைக்காரருக்கு இதைச் சொல்லவில்லை. அவர் வாங்குகிறவர்தானே என்று விட்டுவிட்டோம்.

பிறகு ஒரு பெண் வந்தாள். பாரை கேட்டாள். தலை வேண்டாம் என்றாள். தலையோடுதான் விற்பேன் என்றேன். அவள் போகவில்லை. அக்கா சம்பூரில், ஊசி மருந்து முடிகிறது என்றாள்.

"மருந்துக்கடை அங்கால, தங்கச்சி. இங்க மீன்தான்."

"அத்தான் சொல்லித்தான் வந்தனான், அண்ணை."

"எந்த அத்தான்?"

"பேர் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டவர்."

தெரிந்த ஆளோடு வரச்சொன்னேன்.

"ஆர் ஆர் இதில இருக்கினம் எண்டு தெரிஞ்சாத்தானே கூட்டிக்கொண்டு வரலாம்?"

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். "அவரிட்ட மன்றாடாதை பிள்ளை. ஐசுக்குள்ள கிடந்து மனிசன் விறைச்சுப் போச்சு."

மூன்று தரம் வந்தாள். கடைசித் தரம் பொட்டலத்தைப் பலகையில் வைத்தாள். தள்ளிவிட்டேன்.

அந்த மாதம் முடியுமுன் லாஞ்சிக்காரர் கதை கொண்டுவந்தார். அக்கரையில் பெட்டி வாங்குபவரின் மனைவி செத்துப்போனாளாம். சீனி வருத்தம். மனைவியின் தங்கச்சி மருந்து அனுப்புவாள் என்று பார்த்துக்கொண்டு இருந்தாராம். மற்றவர்களின் மருந்தெல்லாம் அவர் கையால்தான் போனது. அதில் ஒன்றையும் அவர் தொடவில்லை.

ஒழுங்கு மாறியதை அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"நீங்கள் சொல்லச் சொல்லேல்லையே."

ஓம், சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் அவர் பெட்டி வாங்கினார். கொழுந்தி சந்தைக்கே போகவில்லை, பயந்து வீட்டில் இருந்துவிட்டாள் என்று நினைக்கிறாராம். இனி அவளை வாசலில் ஏறவிடமாட்டாராம். அவள் மூன்று தரம் வந்தாள், திருப்பியது நான் என்று ஒரு வார்த்தை அனுப்பியிருக்கலாம். அக்கரைக்கு என்ன சொல்ல என்று லாஞ்சிக்காரர் கேட்டார். ஒருவரை ஒருவருக்குத் தெரியக்கூடாது, அதுதானே ஒழுங்கு என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்கு ஐஸ் அள்ளிப் போட்டேன்.