சாம்பல் நிறத்தில் ஒரு பெயர்

ஜெயஷீலா பாறசாலைக்காரி. கல்யாணமாகிக் கரமனைக்கு வந்தவள், ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கம் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகைகளும் வினாத்தாள்களும் அடித்துக்கொண்டிருந்தாள். கடைக்கு இன்டர்நெட் வந்தபின், வேலை குறைந்த மத்தியானங்களில் வெப்சைட் செய்யப் பழகினாள். பிடித்த பக்கங்களின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்த்தே கற்றுக்கொண்டாள். 2004இல் அந்த மலையாள நகரத்தில் வாழும் தமிழர்களுக்கென்று ஒரு தளத்தைத் தொடங்கினாள். வாடகை வீடு, ஆஸ்பத்திரி விவரம், அவசர ரத்தம் என்று யாராவது ஏதாவது கேட்பார்கள். தெரிந்தவர் பதில் எழுதுவார். ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் உண்டு. தளத்தில் எங்கே அவர் பெயர் வந்தாலும் அது நீல நிற லிங்க் ஆகும். அழுத்தினால் அவர் பக்கம் திறக்கும், வீட்டு ஃபோன் நம்பரோடு.

அங்கே எல்லோரும் தேடிப்போன பெயர் வலியசாலை நாகேஸ்வரனுடையது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கமிருந்து நோயாளியோடு வருகிறவர்களுக்கு எங்கே தங்கலாம், எந்த மெஸ்ஸில் கஞ்சி கிடைக்கும் என்று பொறுமையாக எழுதுவார். 2006 மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஜெயஷீலா அவர் பக்கத்தில் ‘காலமானார்’ என்று ஒரு வரி சேர்த்தாள்.

ஆனால் அவர் பக்கத்தை யார் முழுதாகப் படித்தார்கள்? கண்ணில் பட்டது நம்பர்தான். சில மாதங்கள் கழித்து அவர் மனைவி பார்வதியம்மாள் ஜெயஷீலாவை ஃபோனில் கூப்பிட்டாள்.

“நேத்திக்கும் ஒருத்தர் ஃபோன் பண்ணினார், சங்கரன்கோவில்லேர்ந்து. மாமா இருக்காரான்னார். இல்லேன்னேன். எப்ப வருவார்னு கேக்கறார். நான் என்னன்னு சொல்லட்டும் ஷீலா?”

“பேரையும் நம்பரையும் எடுத்துரட்டா மாமி?”

“வேண்டாம். அவர் எழுதினதைப் பாத்துட்டு இன்னும் மனுஷா வந்துண்டுதானே இருக்கா. ஆனா அவர் இல்லேங்கறது ஃபோனை எடுக்கறதுக்கு முன்னாடியே அவாளுக்குத் தெரியணும்.”

தளமெங்கும் கிடந்த அந்தப் பெயரைக் கையால் தேடித்தேடி மாற்ற முடியாது. அதனால் ஜெயஷீலா புரோகிராமில் சில வரிகள் சேர்த்தாள். ஒருவருடைய பக்கத்தில் ‘காலமானார்’ என்ற சொல் இருந்தால், தளத்தில் அவர் பெயர் வருகிற இடமெல்லாம் தானாகவே சாம்பல் நிறமாகும். அது மறைந்தவர் பெயர் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குறிப்பும் வைத்தாள். நாகேஸ்வரன் பெயர் ஒரே சமயத்தில் எல்லா இடத்திலும் நிறம் மாறியது. பார்வதியம்மாள் வீட்டு ஃபோன் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது.

அடுத்த மாதம் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. பாத்திரக்கடை தளவாய் பேசினார்.

“மோளே, நான் கடையிலதான் இருக்கேன் கேட்டியா.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“அதைத்தான் சொல்லுதேன். உயிரோட இருக்கேன். நான் செத்துட்டேன்னு காலையிலேருந்து துட்டி கேட்டு ஃபோன் வந்துக்கிட்டே இருக்கு.”

தளவாய் அந்த வாரம்தான் தன் பக்கத்தில் கடையின் கதையை எழுதிச் சேர்த்திருந்தார். அதில் ஒரு வரி: ‘என் தகப்பனார் காலமானார், அன்று முதல் கடையை நான் கவனிக்கிறேன்.’ புரோகிராமுக்கு அந்தச் சொல் போதுமாயிருந்தது. அப்பா யார், மகன் யார் என்று அதற்கு என்ன தெரியும்?

ஃபோனிலேயே மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. பஸ் பிடித்துக் கடைக்குப் போனாள். வாசலில் ஒரு குத்துவிளக்கின் மேல் ரோஜா மாலை கிடந்தது. யாரோ கொண்டுவந்து, ஆளை நேரில் கண்டதும் அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். தளவாய் ரிசீவரைக் காதில் வைத்திருந்தார். “நாந்தாம்ல பேசுதேன், நாந்தான்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

“தப்பு என்மேலதான் அண்ணாச்சி. நாகேஸ்வரன் மாமா பக்கத்தை மட்டும் வச்சுப் பாத்துட்டு சரின்னு விட்டுட்டேன்.”

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “பம்பாயிலேருந்து ஒருத்தன் விளிச்சான். கூடப் படிச்சவன், என் கலியாணத்துக்கே வராதவன். எப்படி அழுதான் தெரியுமா! நான் பேசினதும் பயந்து ஃபோனைக் கீழ போட்டுட்டான். ரெண்டு நாளு இப்படியே கெடக்கட்டும் மோளே. இன்னும் யாரெல்லாம் விளிக்கான்னு பாப்போம்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி ராஜமணி வந்தாள். முகம் சிவந்திருந்தது. “உங்களுக்கென்ன! தாலி என் கழுத்துலல்லா கெடக்கு. மோளே, நீ இப்பமே போயி மாத்து.”

ஜெயஷீலா நேரே டிடிபி கடைக்குத் திரும்பி, ‘காலமானார்’ என்ற சொல்லைத் தேடும் வரிகளை எடுத்தாள். தளவாய் நீலமானார். நிறம் தானாக மாறும் ஏற்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டாள். யார் பெயர் மாற வேண்டும் என்பதற்கு, அவள் மட்டுமே போடக்கூடிய ஓர் அடையாளத்தை வைத்தாள். வீட்டாரோடு பேசாமல் அதைப் போடுவதில்லை என்று தீர்மானித்தாள்.

அப்படித்தான் அந்த ஃபோன் பேச்சு அவள் வேலையாயிற்று. முதலில், என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது? போகப்போக, கேட்க ஒன்றுமில்லை, ரிசீவரைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்று தெரிந்தது. சிலர் ஒரே வார்த்தையில் முடித்தார்கள். சிலர் கல்யாணமான நாளிலிருந்து தொடங்கினார்கள்.

2008இல் விழிஞ்ஞம் சற்குணம் இறந்தார். அவசரத்துக்கு ரத்தம் கொடுக்க ஆள் சேர்த்துத் தருகிறவர். ஜெயஷீலா ஃபோன் செய்தபோது அவர் மனைவி தாசம்மாள் கேட்டாள்: “என்ன நெறம் வரும்?”

“சாம்பல் நெறம் அக்கா.”

“கறுப்பு இல்லல்லா? அப்பம் சரி. ஆனா நம்பரை எடுத்துராத. ரத்தம் குடுக்கிய பயலுவள எனக்கும் தெரியும். விளிக்கியவங்க விளிக்கட்டும்.”

ஜெயஷீலா நம்பரை விட்டுவைத்து, தாசம்மாளிடம் கேட்கலாம் என்று அதன்கீழ் எழுதினாள். சில வாரங்களில் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் தளத்தில் நன்றி எழுதியிருந்தார்: மகளின் ஆபரேஷனுக்குத் தாசம்மாள் அக்கா ஆட்களை வேனில் ஏற்றிக் கூட்டிவந்தார்களாம். தாசம்மாள் என்ற பெயருக்கு லிங்க் இல்லை. அவளுக்கென்று பக்கமே இல்லையே. ஜெயஷீலா ஃபோனை எடுத்தாள்.

“அக்கா, உங்களுக்கு ஒரு பக்கம் போடணும். பேரை எப்படி எழுதட்டும்?”

“தாசம்மாள்னுதான்” என்றவள், ரிசீவரை வைக்குமுன் சேர்த்தாள்: “சற்குணம்னு முன்னால போட்டுக்கோ.”