மாப்பிள்ளையின் பாறை வண்டி

பொம்மை என்று சொன்னால் மாப்பிள்ளைக்குக் கோபம் வரும். எனக்கோ அதைப் பொம்மை என்று சொல்லாவிட்டால் அன்றைக்குப் பொழுதே போகாது.

"பொம்மை இல்ல மச்சான், வண்டி" என்பார்.

"ஆமாமா, வண்டிதான். ஏறி உக்காருங்க, கடைத்தெரு வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வந்துரலாம்."

என் தங்கை சமையலறை வாசலில் நின்று என்னை முறைப்பாள். அவள் புருஷனை நான் கிண்டல் செய்யக் கூடாது, அவள் மட்டும் செய்யலாம். சின்ன வயதிலிருந்தே அவள் சட்டம் அப்படித்தான்.

மாப்பிள்ளை டிரைவர். மண் தோண்டும் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு மலை மேல் வேலை நடக்கும் இடங்களுக்குப் போகிற நீளமான ட்ரெய்லர் லாரியை ஓட்டியவர். அதை அவர் கொண்டை ஊசி வளைவில் திருப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நாம் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம். கம்பெனியில் அவருக்கு 'ஃபர்ஸ்ட் கியர்' என்று பட்டப்பெயர். சாப்பிடுவது, பேசுவது, சண்டை போடுவது எல்லாமே முதல் கியரில்தான். என் தங்கை கத்தி முடித்து, பாத்திரம் கழுவி, துணியையும் காயப்போட்ட பிறகுதான் இவர் முதல் பதிலையே சொல்வார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் பட்டப்பகலில் கம்பெனி கேட்டின் தூணில் லாரியை இடித்தார். தூண் அங்கே இருந்ததையே பார்க்கவில்லை என்றார். ஊற்றிக்கொண்டு ஓட்டியிருப்பார் என்று சிலர் வாய் கூசாமல் பேசினார்கள். டீயைத் தவிர எதையும் தொடாத ஆள்! கண் டாக்டர்தான் விஷயத்தை உடைத்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது. பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே நடுவுக்கு வரும். போனது போனதுதான். சொட்டு மருந்து விட்டால் மிச்சமிருப்பது கொஞ்ச காலம் தாங்கும். வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. வீட்டுக்குள்ளேயே தங்கியிருந்து சாமானைத் தூக்குகிற களவாணி மாதிரி ஒரு நோய். கம்பெனி சாவியை வாங்கி வைத்துக்கொண்டது.

அதன் பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த கோலம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே சகிக்காது. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை லேசாக அழுத்திக்கொண்டே இருப்பார். பிரேக்கா ஆக்சிலேட்டரா என்று நான் கேட்கவில்லை.

பாறை வண்டி வந்த கதை இதுதான். சொட்டு மருந்து வாங்க என் தங்கை அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ரிமோட் வண்டிகள் விற்கும் ஒரு கடை. கண்ணாடிக்குப் பின்னால் கல்லைக் குவித்து வைத்து, முழங்கை நீள வண்டி ஒன்றைக் கடைக்காரர் அதன்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். வேகமே இல்லை. ஒரு சக்கரம் கல்லைத் தடவிப் பார்க்கும், பிடி கிடைத்தால் ஏறும், இல்லாவிட்டால் பின்வாங்கி வேறு வழி தேடும். மாப்பிள்ளை நின்றது நின்றபடி நின்றுவிட்டார். அவள் கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. "இரு, அவன் தப்பான பக்கம் ஏறுறான்" என்றாராம். சாவி கைவிட்டுப் போன பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. அவள் அந்த வண்டியை வாங்காமல் என்ன செய்வாள்?

டப்பாவுக்குள் வண்டி இல்லை, வண்டியின் துண்டுகள்தான் இருந்தன. வெள்ளைத் துணி விரித்து, திருகாணிகளைக் கிண்ணங்களில் பிரித்துப் போட்டு, பால்கனி மேசையில் அவரே கோத்தார். கோத்ததோடு விட்டாரா? வாங்கினபடியே ஓட்டுகிறவன் டிரைவரே இல்லை என்பது அவர் கட்சி. செங்குத்தான கல்லில் வண்டியின் மூக்கு தூக்குகிறது என்று, பின்னால் இருந்த பேட்டரியைக் கழற்றி முன்னால், தாழ்வாக வைத்தார். அது போதாதென்று முன் சக்கரங்களுக்குள் பித்தளை வளையங்களைப் போட்டார். டயருக்குள் இருந்த நுரைப்பஞ்சை எடுத்துவிட்டு அதைவிட மெத்தென்ற பஞ்சை வெட்டித் திணித்தார்.

"டயர் கல்லு மேல உருளக் கூடாது மச்சான், கவ்வணும். கல்லு எப்படி இருக்குன்னு டயர்தான் பாக்கணும், நாம இல்ல."

ஆசை யாரை விட்டது? மேலும் மேலும் பித்தளையை அள்ளிப் போட்டதில், முன் சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டார் பாரம் தாங்காமல் புகைந்து செத்தது. வீடு முழுக்கக் கருகல் நாற்றம். "ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் ரோட்டுல ரிப்பேராகும், என் வீட்டுல மட்டும் பால்கனியில ரிப்பேராகுது" என்று என் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவர் சிரித்தார்.

நான் ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரன். ஈயப்பற்று வைப்பது எனக்குக் கைவந்த வேலை. முதலில் ஒயர்களை அவரேதான் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஈயம் உருக்குகிற சூட்டுக்கோல் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அதன் மேலேயே கையை வைத்து ஊன்றிவிட்டார். கண்ணெதிரே மேசையில்தான் இருந்தது, கொஞ்சம் ஓரமாக. கொப்புளம் வந்த கையைக் குழாயடியில் காட்டிக்கொண்டு, "இனிமே ஒட்டுற வேலை உங்களுது மச்சான்" என்றார், சாதாரணமாக. எனக்குத்தான் தாங்கவில்லை. வழக்கம்போல அதைக் கோபமாக மாற்றி, "ஏன், எனக்கு வேற பொழப்பு இல்லியா?" என்று எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே, வேலை நின்றுபோன கல்குவாரியில் இந்த ரிமோட் வண்டிப் பைத்தியங்கள் கூடும். வண்டி விற்ற கடைக்காரர் குச்சிக் கொடிகளை ஜோடி ஜோடியாக நட்டு வைப்பார். கொடியை இடிக்காமல், வண்டியைக் கவிழ்க்காமல், இடையில் புகுந்து மேலே ஏற வேண்டும். மாப்பிள்ளை போன முதல் மாதத்திலேயே எல்லோரும் தங்கள் வண்டியை விட்டுவிட்டு இவர் வண்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவு நிதானம். பல் டாக்டர் ஒருவர், தங்கமான மனிதர், இவரைக் குருவாகவே ஏற்றுக்கொண்டார். இவர் போட்ட மாதிரியே பித்தளை வளையம், இவர் வெட்டின மாதிரியே பஞ்சு. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று இவர் வண்டிக்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்தபோது, அதுவும் ஏதோ தொழில் ரகசியம் என்று நினைத்து, மறுவாரமே அவரும் ஆரஞ்சு அடித்துக்கொண்டு வந்து நின்றார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பார்வை குறைந்துகொண்டேதான் வந்தது. காகிதத்தைச் சுருட்டி அதன் ஓட்டை வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு அந்த ஓட்டையும் சின்னதாகிறது என்றார். நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று லாரி கிளீனர் மாதிரி குரல் கொடுக்க ஆரம்பித்தேன். "எடது பக்கம் கொடி... வரலாம், வரலாம்... ஒடிச்சுத் திருப்புங்க... போலாம் ரைட்!" அந்தக் கூத்தில் நாங்கள் ரெண்டு பேரும் கொஞ்ச நாள் சந்தோஷமாகக்கூட இருந்தோம்.

கண் டாக்டர் என் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, பார்வை முழுக்கப் போவதற்கு முன்பே குச்சியைத் தட்டி நடக்கக் கற்றுக்கொடுக்கிற வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்றார். அவள் அதை வீட்டில் சொன்ன நாளில் மாப்பிள்ளை முதல் முறையாக முதல் கியரை விட்டுத் தாண்டினார்.

"நான் குருடனா? சொல்லு, நான் குருடனா? அந்த வண்டிய ஓட்டுற வரைக்கும் நான் டிரைவர். என்னிக்கு ஓட்ட முடியலையோ, அன்னிக்கு வந்து குச்சியக் குடு!"

"அண்ணன் பக்கத்துல நின்னு கத்துறதுனாலதான் ஓட்டுறீங்க" என்றாள் அவளும் விடாமல். "ரோட்டக் கடக்குறப்போ யாருங்க நின்னு கத்துவா? நேத்து அந்த பஸ்ஸு ஒரசிக்கிட்டுப் போச்சு. உங்களுக்கு அது தெரியவே இல்ல. வர்ற ஞாயித்துக்கெழமை நீங்களா ஓட்டுங்க. அந்தப் பெரிய பாறையில யாரும் வாயத் தொறக்காம ஏத்திட்டீங்கன்னா, நான் வகுப்புன்ற பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லன்னா திங்கக்கெழமை நீங்க என்கூட வரணும்."

"சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் குவாரிக்கு வந்தாள். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "இன்னிக்கு உங்க வாயில பூட்டு" என்றார். நான் தலையாட்டினேன். பெரிய பாறை ஆள் உயரம் இருக்கும், நடுவில் ஒரு வெடிப்பு. பல் டாக்டர் எங்களுக்குப் பின்னால் நின்று, தன் வண்டியை ஏற்கெனவே பாதிப் பாறை வரை ஏற்றியிருந்தார். நாம் ஓரமாகப் போய்விடலாம், இடம் இருக்கிறது என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார்.

நன்றாகத்தான் கிளம்பினார். வண்டி முதல் ஜோடிக் கொடியைத் தாண்டியது. வெடிப்புக்குப் பக்கத்தில் வரும்போது நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. கையைத் தூக்கித் துடைத்தார். துடைத்த அந்த நொடியில் வண்டியின் பின் சக்கரம் வெடிப்பில் விழுந்து, வண்டி மல்லாக்கக் கவிழ்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன், என் தங்கை என் கையை அழுத்தினாள். நியாயம்தான், பந்தயம் அப்படி.

மாப்பிள்ளை கண்ணை இடுக்கிப் பாறையைத் தேடினார். தலை மெல்ல மேலே போனது. நின்றது. அவர் முகம் மலர்ந்தது. ரிமோட்டின் விசையை மெதுவாக அழுத்தினார்.

அவர் கண்டுபிடித்தது பல் டாக்டரின் வண்டியை. அதே ஆரஞ்சு, அதே சக்கரம். அது மேலே ஏற, இவரும் விசையை அழுத்தி, இவரும் திருப்பி, "அப்படித்தான்... அப்படித்தான் என் ராஜா... கவ்வு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். கீழே வெடிப்பில் அவர் வண்டி நாலு சக்கரமும் ஆகாயத்தைப் பார்க்கச் சுழன்றுகொண்டிருந்தது. அவர் அழுத்தும்போதெல்லாம் சுழன்றது.

சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டு அமைதியானார்கள். எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த பல் டாக்டருக்கும் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றார். வண்டியை நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. தன் வண்டியை அவருக்காக ஏற்றினார், ரொம்ப மெதுவாக, இவர் ஓட்டுகிற மாதிரியே. என் தங்கை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கடவுளே, இப்படியே மேலே போய்ச் சேரட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பொய்யாக இருந்தால் என்ன, இந்த ஒரு தடவை அவர் ஜெயித்துவிட்டுப் போகட்டுமே.

ஆனால் அவர் டிரைவராயிற்றே. உச்சிக்கு ஒரு முழம் கீழே எப்போதும் வண்டியை நிறுத்தி, கடைசி ஏற்றத்தை ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். விசையிலிருந்து விரலை எடுத்தால் இந்த வண்டி அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலை எடுத்தார். பின்னால் நின்ற பல் டாக்டருக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது, விரல் தெரியவில்லை.

வண்டி நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போனது.

அவர் விசையைப் பின்பக்கமாகத் தள்ளினார். அது முன்னால் போனது. இடது பக்கம் திருப்பினார். அது நேராகப் போய் உச்சியில் நின்றது. யாரோ அவசரப்பட்டுக் கைதட்டி, பாதியில் நிறுத்தினார்கள்.

"மச்சான்" என்றார். "அது யாரு வண்டி?"

என் தங்கைதான் சொன்னாள். இத்தனை நாள் சண்டை போட்டவள், இந்த நாளுக்காகவே பந்தயம் கட்டினவள். "உங்க வண்டிதாங்க. ஏறிடுச்சு. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"நான் வெரல எடுத்துட்டேம்மா" என்றார் மாப்பிள்ளை. குரலில் கோபமே இல்லை. "என்னோடது எங்க மச்சான்?"

"கீழ, வெடிப்புல. கவுந்து கெடக்கு."

"எப்பலேருந்து?"

"நீங்க வேர்வையத் தொடச்சீங்கல்ல, அப்பலேருந்து."

ரிமோட்டின் அடியில் இருக்கிற பொத்தானை விரலாலேயே தேடி அணைத்தார். கீழே சக்கரங்கள் நின்றன. பல் டாக்டர் முன்னால் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா ஏத்துனீங்க டாக்டர்" என்று இவரே சொன்னார். பிறகு என் தங்கையிடம் கேட்டார்: "நாளைக்கு எத்தன மணிக்கு அந்த வகுப்பு?"

"வேணாங்க. நீங்க போக வேணாம். நான் சும்மா சொன்னேன்."

"பேசுனது பேசுனதுதான்."

அவள் அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். அவர் அவளைத் தேடினார். முன்னால் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். தேடின கை காற்றில் நின்றது.

"மச்சான், எங்க போய்ட்டா அவ?"

"எங்கயும் போகல மாப்ள. உங்க வலது பக்கந்தான். கைக்கெட்டுற தூரத்துல உக்காந்திருக்கா."