வராதவருக்கு ஒரு ஜோடி

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்தது, சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது. அவள் ஸ்பேனரைப் பிடித்தாள். அப்பா டார்ச்சைப் பிடித்தார். வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கவில்லை. இன்னொரு கையில் போன்.

"வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. எங்க கிளம்பறீங்க? மச்சினன் வீட்டுக்கா? அடுத்த வாரம் போங்க, மச்சினன் எங்கயும் ஓடிட மாட்டான்."

"அப்பா, வெளிச்சம்."

"இதோ, இன்ஜினியரம்மா."

அப்பா நகர மன்றத்தில் ஆளுங்கட்சிக் கொறடா. ஓட்டெடுப்பு நாளில் தன் கட்சிக்காரர்களை ஒருவர் விடாமல் கொண்டுவந்து இருக்கையில் உட்கார வைக்கிற வேலை. யாருக்கு முதுகுவலி, யார் முறுக்கிக்கொண்டு திரிகிறார், யார் வீட்டில் சண்டை, எல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்கு என்ன வலி என்று யாரும் கேட்டதில்லை. கேன்டீனில் அவர் தலை தெரிந்ததும், "வருகைப் பதிவேடு வந்தாச்சு, எல்லாரும் 'உள்ளேன் ஐயா' சொல்லுங்கப்பா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டுத் தனி மேசையில் போய் உட்காருவார். அம்மா போன பிறகு வீட்டிலும் தனி மேசைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் வருவாள்.

மறுநாள் காலை, வெளியே கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

புதன்கிழமை பிற்பகல் எதிர்க்கட்சிக் கொறடா வந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள். அடுக்கி வைத்த நாற்காலிகளில் ஒன்றை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தனையோ வருஷமா வராந்தாவுல நின்னு பேசியிருக்கோம்மா. சேர்ந்து ஒரு டீ குடிச்சதில்ல. பாத்தா ரெண்டு கட்சியும் சந்தேகப்படும்."

அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க கட்சி உறுப்பினர், அந்த வாத்தியார், ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கார். நாளைக்கு வர முடியாது. அதுக்கு ஈடா உங்க பக்கமும் ஒருத்தரை ஓட்டுக்கு வராம நிறுத்தறேன்னு உங்கப்பா சொல்லியிருந்தார். ஜோடி போடறதுன்னு சொல்வோம். எழுத்துல எதுவும் கிடையாது. வாய்ச்சொல்தான்."

"யாரை நிறுத்தறதா சொன்னார்?"

"உங்க கட்சி அச்சகக்காரரை. இதையெல்லாம் போன்ல சொல்ல மாட்டார், நேர்ல போவார். அதுக்குள்ள..." அவர் தரையைப் பார்த்தார். "இப்ப உங்க கட்சித் தலைவர் சொல்றார், கொறடா போனதே ஒரு ஓட்டு குறைவு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் குறைஞ்சு ஈடாயிடுச்சு, இனி யாரையும் நிறுத்த வேண்டாம்னு."

அவள் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். "கணக்கு சரிதானே?"

"சரிதாம்மா. போன வருஷம் உங்க பக்கம் ஒருத்தர் வர முடியாம இருந்து, எங்க ஆள் ஒருத்தர் இறந்தப்ப நானும் இதே கணக்கைத்தான் சொன்னேன். உங்கப்பா ஒத்துக்கல. 'செத்தவனை ஜோடியில சேர்க்காதய்யா, உயிரோட இருக்கறவன் ஒருத்தன் வீட்ல உட்காரணும்'னார். திட்டிக்கிட்டே ஒருத்தனை உட்கார வச்சேன்."

"இப்ப நீங்க அதைக் கேக்கறீங்களா?"

"கேக்கல. யார்கிட்டம்மா கேக்கறது?"

நாற்காலியைத் திரும்ப அடுக்கின் மேல் வைத்துவிட்டுப் போனார். வீடு மறுபடி காலியானது.

நாளைய தீர்மானம், மேட்டுத் தெருக்களுக்குப் புது பம்ப். அப்பா அதற்காக அலையாய் அலைந்தார். எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது அவள்தான். கட்சிக்கு இருந்தது ஒரே ஓட்டுப் பெரும்பான்மை. அப்பாவும் இல்லாமல், அச்சகக்காரரும் வராமல் போனால், அந்தப் பக்கம் வாத்தியார் இல்லாவிட்டாலும் இரண்டு பக்கமும் சமம். சமமானால் தீர்மானம் விழும். அந்தத் தெருக்காரர்கள் இன்னும் ஒரு கோடையைக் குடத்தோடு கழிக்க வேண்டும். அச்சகக்காரர் வந்தால் பம்ப் உண்டு. அப்பா கொடுத்த சொல் நிற்காது. குறை சொல்ல யாரும் வரப்போவதில்லை. தெரிந்தவர்களே மூன்று பேர்.

அவள் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அச்சகத்தில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவள் குனிந்து உள்ளே போனாள். அச்சகக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"வாம்மா. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

"மாமா, திங்கட்கிழமை அப்பா இங்கதான் வர்றதா இருந்தார்."

"எதுக்கு?"

"நாளைக்கு நீங்க ஓட்டுப் போட வர வேண்டாம்னு சொல்ல."

அவர் கந்தைத் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். மை போகவில்லை.

"வரலேன்னா பம்ப் போயிடுமேம்மா."

"ஆமா மாமா," என்றாள்.