தாழிக்குள் இருந்த பிள்ளை

எங்கள் வீட்டுக்கு வானம் தோண்டிய மூன்றாம் நாள், கொத்தனாரின் கடப்பாரை மண்ணுக்குள் எதையோ உடைத்தது. அடித்தளத்துக்குக் குழி எடுப்பதை எங்கள் பக்கம் வானம் தோண்டுவது என்போம். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, ஆற்றைவிட்டுச் சற்று ஏறிய செம்மண் மேட்டில் வாப்பா வாங்கிப் போட்டிருந்த மனை அது. வாப்பா சவூதியில் இருந்தார். வேலையை மேற்பார்த்தவர் மாமா, உம்மாவின் தம்பி.

கொத்தனார் குனிந்து கையால் மண்ணை விலக்கினார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. தாழி கெடக்கு. உள்ள எலும்பு தெரியுது."

இறந்தவர்களை மண்பானைக்குள் வைத்துப் புதைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பானைதான் தாழி. எங்கள் ஆற்றங்கரையில் அது பெரிய அதிசயமில்லை. உழும்போது வரும், கிணறு வெட்டும்போது வரும். வெளியே மூச்சுவிடாமல் மூடிவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் விவரமானவர்களின் வழக்கம். மாமா விவரமானவர்.

"மூடுங்க வே. ஆபீஸ்காரனுக்குத் தெரிஞ்சா வேலைய நிறுத்திருவான்."

ஆட்களுக்குச் சாயா கொண்டுவந்திருந்த உம்மா அதற்குள் குழிக்கரைக்கு வந்துவிட்டாள். தாழி சின்னது, என் இடுப்பு உயரம்கூட வராது. உடைந்த வாய் வழியே, சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி மண்டையோட்டின் ஒரு பகுதி தெரிந்தது. பக்கத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கலயம்.

"இது பச்சப் பிள்ளல்லா," என்றாள் உம்மா. பிறகு, "மூடக்கூடாது. சொல்லணும்."

"லாத்தா, உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? மச்சானுக்கு யாரு பதில் சொல்லுதது?"

"நான் சொல்லிக்கிடுதேன்."

மாமா கொத்தனார் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "பிள்ள போன நாள்லேருந்து இவ இப்படித்தான்." எட்டு மாதத்துக்கு முன்பு என் தம்பி காய்ச்சலில் இறந்திருந்தான். இரண்டு வயது. அதற்குப் பிறகு உம்மா யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அன்றைக்கு அவளே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, என் கையைப் பிடித்து, கிராம அதிகாரியின் அலுவலகத்துக்கு நடந்தாள்.

வேலை நின்றது. வெள்ளிக்கிழமை வாப்பாவின் போன் வந்தது. அவர் கத்தியது ரிசீவரைத் தாண்டி என் காதுவரை கேட்டது. உம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அது பச்சப் பிள்ளல்லா," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டே நாளில் மனையில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர், உள்ளே இருப்பது இளவரசன் என்று பேசினார். இன்னொருவர் அது தங்கள் சாதியின் முன்னோர்தான் என்று அடித்துச் சொன்னார். துலுக்கமாரு மனையில் எங்கள் ஆளுக்கு என்ன வேலை என்று மூன்றாமவர் சந்தேகப்பட்டார். மூவரும் தனித்தனியாகத் தாழியோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

"பால்மணம் மாறாத பிள்ளைக்கு ஏது கட்சி, ஏது சாதி," என்றாள் உம்மா. அவர்கள் காதில் அது விழவில்லை.

அகழாய்வு செய்கிறவர்கள் நான்கு பேர் வந்தார்கள். கயிறு கட்டி மண்ணைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். அவர்களில் பாளையங்கோட்டைக்கார அக்கா ஒருவர் இருந்தார். நாள் முழுதும் குத்தவைத்து, சின்னத் தூரிகையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் தாடை எலும்பைக் காட்டினார்.

"பால்பல் விழல. அதுக்கு அடியில அடுத்த பல்லு காத்துக்கிட்டு இருக்கு பாரு. ரெண்டு, ரெண்டரை வயசு இருக்கும்."

"எத்தன வருசத்துக்கு முந்தி?"

"ஆயிரக்கணக்குல இருக்கும். சோதிச்சுப் பாத்தாத்தான் சரியாச் சொல்லலாம்."

கலயத்துக்குள் நெல் உமி இருந்தது. பசிக்குமே என்று யாரோ வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

உம்மாவும் தினமும் சாயாவோடு வந்து நிற்பாள். அந்த அக்காவிடம் மட்டும் அவளுக்கு வாய் திறந்தது.

"மண்ணு மேல விழாம மூடியிருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. மேல ஒரு மூடி வச்சிருக்காங்க."

"ஒத்தையிலயா கெடந்துச்சு?"

"இல்லக்கா. ரெண்டடி தள்ளிப் பெரிய தாழி ஒண்ணு இருக்கு."

"உள்ள வைக்கும்போது தாய்க்காரி பாத்திருப்பாளா?"

அக்கா தூரிகையைக் கீழே வைத்தார். "அத எலும்பு சொல்லாதுக்கா."

உம்மாவுக்குச் சரித்திரத்தில் இவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் டீச்சரிடமே சொன்னேன்.

வேலை ஆறு மாதம் நின்றது. கடைசியில் கிழக்குப் பக்கத்தை விட்டுக்கொடுத்து, ஓர் அறை குறைத்துத்தான் வீடு கட்டினோம். வாப்பா கடைசிவரை அதைச் சொல்லிக் காட்டினார். ஆனால் எனக்கு இன்றைக்கும் மறக்காதது, தாழியை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி ஏற்றிப் போன நாளின் சாயங்காலம்.

மாமா கட்டிலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். நான் தரையில் படுத்து, கயிற்றுக் கட்டங்களோடு தாழியை நோட்டில் வரைந்துகொண்டே, பல்லைப் பற்றி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மாமாகூட முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டார். அப்போதுதான் அடுக்களை வாசலில் நின்று உம்மா கேட்டாள்.

"பிள்ளைய நீதான குழிக்குள்ள எறங்கி வாங்குன?"

எங்களில் பெண்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போவதில்லை. தம்பியை ஆண்கள்தான் தூக்கிப் போனார்கள். தெருமுனை திரும்பும்வரைதான் உம்மா பார்த்தாள்.

மாமா தலையை நிமிர்த்தவில்லை. "ஆமா லாத்தா."

"மூஞ்சில மண்ணு விழுந்துச்சா?"

"இல்ல. பலகை வச்சு மூடுன பொறவுதான் மண்ணு தள்ளுனோம். ஒரு பொடிகூடப் படல."

"பக்கத்துல யாரு?"

"நம்ம வாப்பாதான். வேப்பமரத்தடியில. கை நீட்டுனா தொட்டுரலாம்." அவர்கள் இருவரின் வாப்பா, என் தாத்தா, முன்பே அங்கே அடக்கமாகியிருந்தார்.

உம்மா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவள் கேட்காததையும் பைய ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். தூறல் போட்டது, யார் கையிலிருந்து வாங்கினார், முகத்தை எப்படி மேற்கே திருப்பி வைத்தார் என்றெல்லாம். உம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நோட்டை நீட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. தாழியைப் பற்றி அவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தோமே, உம்மா ஏன் பேச்சை மாற்றினாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.