கதவுக்குப் போட்ட கொலுசு: கீரனூர் பக்கம் ஒரு பெண்கள் முகாம்

சென்ற மே மாதம் என் தங்கை அமலியைப் பெண்கள் கோடை முகாமில் சேர்த்துவிட்டு வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஐந்து இரவுகள் வீட்டை விட்டுத் தங்கும் முகாம். கீரனூரிலிருந்து நான்கு மைல் உள்ளே, கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், விடுமுறைக்குக் காலியாகக் கிடக்கும் வகுப்பறைகளில் நடத்துகிறார்கள். பத்து வயதிலிருந்து பதினான்கு வரை உள்ள பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், பாட்டு, தையல், விளையாட்டு எல்லாம் உண்டு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் ஆபீசுக்குப் போவது, முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவது எல்லாம் எனக்குத் தானாக வந்துவிடும் என்று அப்பா நம்புகிறார். பி.ஏ. வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை என்று அவரிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வந்ததில்லை. இந்த விடுமுறைக்கு உங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்ப எண்ணியிருந்தால், நான் பட்ட பாடு உங்களுக்காவது உதவட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமலிக்குப் பதினொரு வயது. தூக்கத்தில் எழுந்து நடப்பாள். கண் திறந்திருக்கும், கேட்டால் பதில்கூடச் சொல்வாள், விடிந்தால் ஒன்றும் நினைவிருக்காது. ஒருமுறை தெருக்கோடி வரைக்கும் போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா அவள் காலில் மணி நிறைந்த கொலுசைப் போட்டிருக்கிறாள். லேசாகச் சத்தம் கேட்டால் போதும், அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இந்த விஷயம் எங்கள் வீட்டைத் தாண்டியதில்லை. புறப்படும் அன்று காலையில் அமலிக்குத் தலை பின்னிக்கொண்டே அம்மா எங்கள் இருவருக்கும் சொன்னாள்:

"அங்க யாருகிட்டயும் வாயத் தொறந்துறாதீங்க. பொம்பளப் புள்ள. நாளைக்கி நாலு பேரு பொண்ணு கேட்டு வர்றப்ப இந்தப் பேச்சு முன்னால வந்து நிக்கும். கொலுசு இருக்குல்ல, அது பாத்துக்கும்."

"சரிம்மா" என்றேன். அம்மாவிடம் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

எங்களைப் போலத் திருக்கோகர்ணத்தில் இருப்பவர்கள் திருச்சி பஸ்ஸை அங்கேயே நிறுத்தி ஏறிவிடலாம். ஆனால் உட்கார இடம் வேண்டுமென்றால் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏறுவதுதான் நல்லது. நாங்கள் ஏழரை மணி பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். எனக்கு அறுபது நயா பைசா, அமலிக்கு அரை டிக்கெட். டிரங்குப் பெட்டிக்குத் தனியாகப் பத்து நயா பைசா வாங்கினார்கள். துணிப்பையாக இருந்தால் கேட்பதில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் அமலியின் கால் சிணுங்கியது. முன்னால் இருந்த அம்மாள் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதுபோல எனக்கு வியர்த்தது.

கீரனூரில் இறங்கியதும் மாட்டுவண்டி பேசிக்கொள்ள வேண்டும். ஒரு ரூபாய்தான் வழக்கம், அதற்குமேல் கேட்டால் கொடுக்காதீர்கள். வழி முழுதும் செம்மண் பொட்டல். தண்ணீர் வற்றிய கண்மாய் ஒன்றின் கரைமேல் அரை மைல் போகிறது பாதை. நிழல் கிடையாது, குடை அவசியம். எங்கள் வண்டிக்காரர் பேசாமல் வரக்கூடியவர் இல்லை.

"டீச்சரம்மா, புள்ளைய முகாமுக்குக் கூட்டிப் போறீங்களா, ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிப் போறீங்களா? மூஞ்சி ரெண்டும் இப்புடி இருக்கு!"

"முகாமுக்குத்தான்" என்றேன். நான் டீச்சர் இல்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

"அப்பச் சிரிச்சுக்கிட்டு வாத்தா. அங்க பின்னால ஒரு கெணறு இருக்கு, தண்ணி கல்கண்டு மாதிரி இருக்கும்."

கிணற்றைப் போனதும் பார்த்தேன். பிள்ளைகள் படுக்கும் நீளக் கூடத்தின் பின்வாசலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. பெரிய தோட்டக் கிணறு. மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர் இருந்தது. தண்ணீர் இறைக்கும் கவலை மாடுகள் நடக்கும் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன், தண்ணீர் ஆழத்தில் கறுப்பாக இருந்தது.

முகாமை நடத்தும் கன்னியாஸ்திரீயை எல்லோரும் மதர் என்று அழைக்கிறார்கள். உயரமானவர், குரல் கனமானது. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் எழுதினார். அப்போதுதான் அந்த விதி எனக்குத் தெரிந்தது. முகாம் முடியும்வரை எந்தப் பிள்ளையும் நகை போடக்கூடாது. கழற்றித் துணிப்பையில் கட்டிப் பெயர் எழுதி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற தாய் ஒருத்தி விடவில்லை.

"தோட்டக் கழட்டுனா காது தூந்துரும் மதர்."

"அஞ்சு நாளுல தூராதும்மா. தூந்தா வேப்பங்குச்சி வைங்க. முந்தி ஒரு புள்ள சங்கிலியத் தொலச்சிருச்சு. அன்னிக்கிப் பூராம் பாட்டும் இல்ல, படிப்பும் இல்ல, எல்லாரும் குப்பையக் கிண்டுனோம். கழட்டுங்க."

அடுத்தது நாங்கள். மதர் அமலியின் காலைப் பார்த்தார். அமலி என்னைப் பார்த்தாள். பின்னால் பத்துப் பன்னிரண்டு தாய்மார் நின்றார்கள். நான் குனிந்து கொலுசைக் கழற்றிக் கொடுத்தேன். மதர் அதைத் துணிப்பையில் கட்டிப் பெயர் எழுதினார். அமலி பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் நடக்கும்போது சத்தமே இல்லை.

பெற்றோர்கள் மதியக் கஞ்சிக்குப் பிறகு தங்கக்கூடாது. வந்த வண்டியிலேயே திரும்பினேன். கண்மாய்க் கரை வந்ததும் ஒன்று புலப்பட்டது. கொலுசு காலிலேயே இருந்திருந்தாலும் என்ன பயன்? அமலியின் காலில் கொலுசு மாட்டி அனுப்பினோம், அதைக் கேட்டு விழிக்கிற அம்மாவின் காதை அனுப்பவில்லை. ஓடியாடிக் களைத்து உறங்கும் நாற்பது பிள்ளைகளில் யார் எழுந்திருக்கப் போகிறார்கள்?

"வண்டியைத் திருப்புங்க" என்றேன்.

"எதையாச்சும் மறந்துட்டு வந்துட்டீங்களா?"

"ஒன்னு சொல்லணும்."

"சொல்லுறதுக்கா? அதுக்கு இன்னொரு முக்கா ரூவா ஆகுமே! அப்புடி என்னத்தா பேச்சு அது?" என்றபடியே மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்தார்.

மதர் சமையற்கட்டில் நின்றிருந்தார். தோட்டைக் கழற்ற மறுத்த தாயும் அங்கேதான் இருந்தாள், உதவிக்குத் தங்கிவிட்டாளாம். அவள் போகட்டும் என்று சற்று நேரம் தூணோரம் நின்றேன். அவள் போகிற மாதிரி தெரியவில்லை. மாலை பஸ்ஸை நினைத்தேன், கிணற்றை நினைத்தேன்.

"மதர், என் தங்கச்சி தூக்கத்துல எந்திரிச்சு நடப்பா. அந்தக் கொலுசு அழகுக்குப் போட்டது இல்ல."

அவ்வளவுதான் சொன்னேன். அந்தத் தாய் கரண்டியோடு திரும்பினாள்.

"இத மேஜையிலயே சொல்லியிருக்கலாமே. சரி, வந்தீங்களே." உடனே கூடத்துக்கு நடந்தார். அமலியின் பாயைப் பின்வாசலிலிருந்து எடுத்து நடுவில் போட்டார். பக்கத்தில், முகாமுக்கு மூன்றாம் முறையாக வந்திருந்த தெரேசம்மாள் என்ற பெரிய பெண்ணைப் படுக்கச் சொன்னார். பிறகு அலமாரியைத் திறந்து கொலுசை எடுத்துப் பின்வாசல் தாழ்ப்பாளில் ஒன்றும் முன்வாசல் தாழ்ப்பாளில் ஒன்றுமாகக் கட்டினார்.

"புள்ளைங்கதான் நகை போடக்கூடாது. கதவு போட்டுக்கலாம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அமலி சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, "அம்மா சொல்லக்கூடாதுன்னாங்கல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டாள். ஊர்வரைக்கும் அந்த முதுகுதான் என்னோடு வந்தது.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஐந்து இரவும் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியின் கழுத்துமணி அசைந்தாலும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

ஆறாம் நாள் காலையில் அழைத்துவரப் போனேன். வண்டியிலிருந்து இறங்குவதற்குள் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். நடுவில் அமலி இருந்தாள். முழுசாக இருந்தாள்.

"அக்கா, ஒங்க அமலி மூணாம் நாளு கெணத்துப் பக்கம் கெளம்பிட்டா!"

"தாப்பாளத் தொட்டா பாருங்க, ஜல்லுன்னுச்சு. தெரேசுதான் ஓடிப்போயிப் புடிச்சா."

"எங்கடி போறன்னு கேட்டேன்க்கா" என்றாள் தெரேசம்மாள், "பஸ்சு வந்துருச்சு, எங்கக்கா நிக்கிதுங்குறா! பஸ்சு நாளைக்கித்தான்டின்னு சொன்னேன். அப்புடியான்னுட்டு வந்து படுத்துக்கிட்டா!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமலிதான் அதிகமாகச் சிரித்தாள். நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா பார்த்தது அமலியின் வெறுங்காலை; கொலுசு இன்னும் என் பைக்குள் இருந்தது. "யாருக்கும் தெரியாதுல்ல?" என்றாள் மெதுவாக.

"எல்லாத்துக்கும் தெரியும்மா. அக்கா சொல்லிருச்சு" என்று அமலி ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். கிணறு வந்த இடத்தில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "புடிச்ச புள்ள எந்த ஊரு?" என்று கேட்டாள்.

இனி, அனுப்பப்போகிறவர்களுக்கு. பாய், தலையணை, தட்டு, தம்ளர், இரண்டு பாவாடைக்கு மேல் ஒரு மாற்று, விளக்கெண்ணெய், ஜெபமாலை போதும். பலகாரம் அனுப்பினால் எல்லோருக்கும் பங்கிட்டுவிடுகிறார்கள், ஆகவே அதிகமாகவே அனுப்புங்கள். வயதுக்கு வரும் பருவத்துப் பிள்ளையானால் துணி கொடுத்து விவரமும் சொல்லி அனுப்புங்கள், அங்கே போய்த் தெரிந்து பயப்பட வைக்காதீர்கள். நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். படுக்கையை நனைக்கும் பிள்ளை, வலிப்பு வரும் பிள்ளை, நடக்கும் பிள்ளை, யாராக இருந்தாலும் மேஜையிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருந்தால் மதரைத் தனியே கூப்பிடுங்கள், வருவார். கேட்க மறந்துவிடாதீர்கள்: கிணறு எங்கே, இரவில் கதவை யார் பார்க்கிறார்கள். பின்வாசலிலிருந்து கிணறு வரை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள்.

இதை எழுதி முடித்தபின் அமலிக்குப் படித்துக் காட்டினேன். பெயரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. எம்பேரயே போடு. அப்பத்தான் நாந்தான்னு தெரேசுக்குத் தெரியும்."

அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அந்தப் புள்ள பேரையும் சேத்து எழுதுத்தா. தெரேசம்மான்னு முழுசா எழுது."