குறுக்கே வந்த நாய்

அம்மாவின் ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் இடம் எல்கேஜி படித்த தம்பிக்கு. இரண்டாம் வகுப்பு படித்த எனக்குப் பின் சீட்டு. அவனுக்கு ஊரே தெரியும். எனக்குத் தெரிந்தது அம்மாவின் முதுகும் ஹெல்மெட்டுக்குக் கீழே தொங்கும் பின்னலும்தான்.

சேலையூரில் பள்ளி விட்டு மாடம்பாக்கத்தில் வீடு வந்து சேரும்வரை அவன் வாய் ஓயாது. "அம்மா, தண்ணி லாரி!" என்பான். "ஆமாடா தங்கம், எவ்ளோ பெருசு!" என்பாள் அம்மா. நான் ஏதாவது சொன்னால் மட்டும், "வீட்டுக்குப் போய்ச் சொல்லும்மா, ரோட்டப் பாக்கணும்ல" என்பாள். அவன் காட்டியதெல்லாம் சாலையிலேயே இருந்தது, அதற்காக அவள் கண்ணை எடுக்க வேண்டியதில்லை என்பது அந்த வயதில் எனக்கு எங்கே தெரிந்தது? அவனை மட்டும்தான் அவளுக்குப் பிடிக்கும் என்று முடிவு கட்டியிருந்தேன். பின்னாலிருந்து அவன் காதைக் கிள்ளலாம் என்றால் கை எட்டாது.

அன்று வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்ததற்காக மிஸ் என் புறங்கையில் ஒரு நட்சத்திர முத்திரை குத்தியிருந்தார். அம்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, "அம்மா, இங்க பாரேன்" என்றேன்.

"கைய எடு, வீட்ல பாக்கறேன்" என்றாள்.

உடனே தம்பி, "அம்மா, மாடு!" என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மா, வாட்டர் பாட்டில் விழுந்துடுச்சு!" என்று கத்தினேன்.

அவள் திரும்பினாள். பாட்டில் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்வை அதன்மேல் விழுந்ததும், அங்கிருந்து என் முகத்துக்கு வந்ததும் இன்னும் நினைவிருக்கிறது. அதற்குள் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காக நின்றுவிட்டது.

மோதி மூவரும் விழுந்தோம். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. தம்பிக்கு உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அம்மாவின் இடது மணிக்கட்டு கோணிக்கொண்டு நின்றது.

"இன்னாம்மா, கொயந்தைங்கள வச்சிகினு பின்னாடி பாத்துகினே ஓட்றியே!" என்று கத்திய ஆட்டோக்காரர்தான் எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே தம்பிக்கு இரண்டு தையல். நர்ஸ் அவனை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா நல்ல கையால் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். என் உதடும் கொஞ்சம் கிழிந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

மறைமலை நகரில் வேலையிலிருந்த அப்பா யூனிஃபார்மோடு ஓடி வந்தார். "எப்படி விழுந்தே? ரோட்டப் பாத்து ஓட்டலியா?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரு நாய் குறுக்க வந்துடுச்சுங்க" என்றாள்.

"நாய் வரலம்மா" என்றான் தம்பி, வீங்கிய வாயோடு.

"வந்துச்சுடா. நீ பாக்கல."

நான் நம்பிவிட்டேன். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சாலையில் ஒன்றைக்கூட விடாதவன் ஒரு நாயையே கோட்டை விட்டிருக்கிறானே! அந்த நாள் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். அந்த நாய் யாருக்காகக் குறுக்கே வந்தது என்று புரிய எனக்கு ரொம்ப வருடங்கள் ஆயின.